பச்சைச் சீட்டும் கொள்முதல் ஆணையும்

நடுத்தர விலையில் பெண்களுக்கான ஆயத்த ஆடைகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், வடிவமைப்பாளர்களுக்கும், கொள்முதல் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நடைபாதையில் குவித்துவைத்துக் கூவி விற்கும் துணிக்கும், ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே விலையாகக் கேட்கும் துணிக்கும் இடையே, மத்தியதர வருமானமுள்ள ஒரு பெண் கணக்குப் பார்த்துக் கை நீட்டக்கூடிய விலையில் குர்த்தியும் சுடிதாரும் மேற்சட்டையும் விற்பதற்கென்று நீங்கள் ஏற்படுத்தியிருக்கும் கடைகளில் பல ஆண்டுகளாகத் துணி வாங்கிவருகிறவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், தையற்காரரிடம் நடையாய் நடக்க நேரமில்லாதவர்கள், கௌரவமாக உடுத்த வேண்டும், அதற்காகக் கடன்படவும் கூடாது என்று எண்ணுகிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் நீங்கள் செய்துவரும் உபகாரம் சிறிதன்று. அந்த நன்றியை மனத்தில் வைத்துக்கொண்டே, உங்களிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளை இந்த மடலில் கேட்கத் துணிகிறேன்.

சில ஆண்டுகளாக உங்கள் ஆடைகளின் கழுத்தில் விலைச்சீட்டோடு இன்னொரு சீட்டும் தொங்கக் காண்கிறேன். மங்கிய பழுப்பு அட்டை, சணற்கயிறு, ஓர் இலையின் படம், அதன்கீழே பூமியை நேசிப்பதாகவும் இயற்கையோடு இசைந்து வாழ்வதாகவும் இரண்டு வாக்கியங்கள். ஆடை எந்த ஊரில் சாயமேறியது, எவர் கையில் தைக்கப்பட்டது, எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்ற விவரங்கள் அந்தச் சீட்டில் இருப்பதில்லை. நோய்க்கு மருந்து கொடாமல் நெற்றியில் திருநீறு மட்டும் பூசி அனுப்புவதைப் போன்ற இந்தக் காரியத்தில் உங்களுக்கே திருப்தி இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. என் அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன்: இன்ன நிறம், இன்ன இழை, இன்ன தையல், இன்ன விலை, இன்ன தேதிக்குள் என்று ஆலைக்குக் கொள்முதல் ஆணை எழுதிக் கையெழுத்திடுகிறீர்களே, அந்த நாளிலேயே அந்த ஆடை பூமிக்கு உகந்ததா அன்றா என்பது தீர்ந்துபோகிறது, அதற்குப் பிறகு எந்தச் சீட்டைக் கட்டினாலும் அதை மாற்ற முடியாது.

நான் வாழும் கொங்கு நாட்டில் இந்த விஷயம் ஓர் ஆற்றின் சரித்திரமாகவே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலாற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகிலுள்ள ஒரத்துப்பாளையத்தில், 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, அங்குள்ள சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் வெளியேற்றிய உப்பும் சாயமும் அந்த அணையில் வந்து தேங்கி, பயிருக்கென்று சேமித்த நீரையே வயலுக்குப் பாய்ச்ச உழவர்கள் அஞ்சும் விபரீதம் நேர்ந்தது. கிணறுகள் உப்பேறின, நல்ல நிலங்கள் தரிசாயின. உழவர்கள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடலாகாது என்ற விதியைச் சுற்றிப் பல ஆண்டுகள் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. அதன் பின்னரும் விதி மீறப்பட்டது கண்டு, 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருங்கே மூடும்படி உத்தரவிட்டது. பனியன் கம்பெனி வேலையை நம்பி வந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பியதைத் திருப்பூர் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தண்டனைக்குப் பிறகு அவ்வூர் கற்றுக்கொண்ட பாடம் உலகமே கவனிக்கத் தக்கது. கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்து மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்புவதும், எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்பதும், அவ்வுப்பை மறுபடியும் சாயமேற்றுவதற்கே பயன்படுத்துவதும் இன்று திருப்பூரில் நித்திய காரியங்களாகிவிட்டன. இதற்கு மின்சாரம் வேண்டும். கொதிகலனுக்கு விறகு வேண்டும். மீட்கமுடியாமல் எஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் வைத்துக்காக்க இடம் வேண்டும். இவ்வளவு செலவையும் தலையில் சுமந்துகொண்டு சாயமேற்றும் பட்டறைக்காரரிடம், கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்தால் ஆணை தருகிறோம், இல்லையேல் சுத்திகரிப்புக் கெடுபிடி இல்லாத வேறோர் ஊருக்குப் போகிறோம் என்று ஒரு நிறுவனம் பேரம் பேசுமாயின், அந்நிறுவனம் நொய்யலைக் கொன்ற பழைய முறைக்கே புதிய ஊரைத் தேடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். சுத்திகரிப்பின் செலவை விலையில் ஒப்புக்கொண்டு கொடுக்கிறீர்களா என்பது உங்களுக்கு என் முதற் கேள்வி.

வடிவமைப்பாளர்களாகிய உங்களில் பலர், சாயக்கழிவு பட்டறைக்காரரின் பிரச்சினை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணியிருக்கக் கூடும். பருத்திக்கு இன்று பெருவாரியாக ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயங்கள் நூலிழையை நாடிச் சென்று பற்றுவதற்கு உப்பு தேவைப்படுகிறது. வெளிர்நிறங்களுக்கு அது குறைவு. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு போன்றவற்றுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 80 கிராம் அளவுக்கும் உப்புப் போடுவதுண்டு. அவ்வளவு போட்டும், சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ துணியில் ஒட்டாமல் அலசும் நீரோடு போய்விடுகிறது. எனவே, வரும் பருவத்துக்கு எந்த நிறம் என்று நீங்கள் குளிரூட்டிய அறையில் வண்ண அட்டையைப் புரட்டும்போது, எங்கோ ஒரு தொட்டியில் எத்தனை மூட்டை உப்பு விழ வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள். கறுப்பே கூடாதென்று நான் சொல்லவில்லை. எனக்கும் கறுப்பு பிடிக்கும். பன்னிரண்டு நிறங்களில் ஏழு அடர்நிறமாக இருப்பதற்குப் பதில் மூன்று இருக்கலாமே என்றும், வெட்டுத்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி சாயமேற்றாமலே நூற்கும் ஓப்பன் எண்டு மில்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இருக்கும்போது அந்நூலில் நெய்த துணிக்கு உங்கள் அலமாரியில் ஓரிடம் தரலாமே என்றுமே கேட்கிறேன்.

நிறத்தை அடுத்து இழை. ஜார்ஜெட், கிரேப் என்ற அழகிய பெயர்களில் உங்கள் கடைகளில் தொங்குபவற்றுள் பெரும்பாலானவை பாலியெஸ்டரே. அதாவது பெட்ரோலியத்திலிருந்து இழுத்த நூல். அதை அணிந்து நமது வெயிலில் பேருந்துக்கு நிற்பவளின் கஷ்டம் ஒருபுறமிருக்க, ஒவ்வொரு துவைப்பிலும் அதிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி இழைத்த பாலியெஸ்டர் ஒருவகையில் மேலானதென்றாலும், மறுபடியும் புட்டியாகவே ஆகியிருக்கக்கூடிய பொருளை ஆடையாக்கியபின் அந்த ஆடை பெரும்பாலும் குப்பைக்கே போகிறது என்பதை மறைக்கலாகாது. விஸ்கோஸ், ரேயான் என்பவை மரக்கூழிலிருந்து வருபவை. மரத்திலிருந்து வருவதனாலேயே அவை சாதுவானவை என்று எண்ணிவிடக் கூடாது. மரக்கூழைக் கரைக்கப் பயன்படும் கார்பன் டைசல்பைடு தொழிலாளியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. சிறுமுகையில் நடந்துவந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றுக்குச் செய்த தீங்கையும், அவ்வாலை இறுதியில் மூடப்பட்டதையும் எங்கள் பக்கத்தில் அறியாதவர் குறைவு. கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுப் பயன்படுத்தும் லையோசெல் முறை இன்று இருக்கிறது. விலை சற்றுக் கூடுதலே எனினும் உங்கள் விலைக்கு எட்டாததன்று. நீட்சிக்காகப் பருத்தியில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலப்பதும் பிற்காலத்தில் அத்துணியை மறுபடி பஞ்சாக்குவதைக் கடினமாக்குகிறது. ஆகவே, நீட்சி அவசியமான லெகிங்ஸில் அது இருக்கட்டும். அவசியமில்லாத குர்த்தியில் எதற்கு?

இயற்கைப் பருத்தி என்று எழுதியிருந்தால் நாங்கள் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையும் மோசம்போனதுண்டு. இந்தியாவிலிருந்து சான்றிதழோடு போன இயற்கைப் பருத்தியில் ஏறக்குறைய 20,000 டன் போலி ஆவணங்களின் பலத்தில் புகுந்தது என்று, காட்ஸ் என்று வழங்கும் சர்வதேசத் தரச்சான்று அமைப்பே 2020-ஆம் ஆண்டில் கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட நிறுவனங்களை விலக்கிவைத்தது. அமெரிக்காவில், மூங்கிலிலிருந்து எடுத்த ரேயானை வெறுமனே மூங்கில் என்று எழுதி விற்ற இரு பெரிய சில்லறை நிறுவனங்கள் 2022-ஆம் ஆண்டில் மொத்தம் 55 லட்சம் டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. நம் நாட்டிலும், ஆதாரமின்றிப் பசுமை பேசும் விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டுவிட்டது. பொத்தாம்பொதுவாக இயற்கைக்கு உகந்தது என்று எழுதிவிட்டுப் போவதற்கு இனி சட்டமும் இடங்கொடாது. ஆதலால் அந்தச் சீட்டிலிருந்து இலைப்படத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நூல் எந்த மில்லில், சாயம் எந்தப் பட்டறையில், தையல் எந்த ஊரில் என்று மூன்று வரி எழுதுங்கள். படிக்க நாங்கள் இருக்கிறோம்.

இனி, தைக்கும் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமியைப் பேணுவது என்ற பேச்சில், அந்தப் பூமியின்மேல் நின்று மிஷின் மிதிக்கும் பெண்ணை மறந்துவிடுகிற வழக்கம் ஒன்று உண்டு. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோது, இடிபாடுகளுக்கிடையே கிடைத்த சீட்டுகளில் உங்களைப் போலவே சாமானிய விலையில் ஆடை விற்கும் மேல்நாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் தொழிலாளரை உள்ளே அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஏற்றுமதித் தவணையும் ஒன்று. நமது மாநிலத்திலும், மூன்றாண்டு மில்லில் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி ஏழை வீட்டுப் பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்து வேலை வாங்கிய ஒரு திட்டம், சுமங்கலி என்ற மங்கலப் பெயரோடு நெடுங்காலம் நடந்தது. வரதட்சிணையைச் சட்டம் 1961-லேயே தடுத்துவிட்ட நாட்டில், வரதட்சிணைக்கென்றே ஒரு கூலிமுறை!

இருட்டை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. திண்டுக்கல் பக்கத்து ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை செய்த ஓர் இளம்பெண் 2021-ஆம் ஆண்டில் கொலையுண்ட பின்னர், பெண்களே தலைமைதாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது போராடி, ஆலையாரோடும் ஆடை வாங்கும் அயல்நாட்டுக் கம்பெனிகளோடும் 2022-ஆம் ஆண்டில் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. திண்டுக்கல் உடன்படிக்கை என்று வழங்கும் அதன்படி, பாலியல் துன்புறுத்தலைப் பற்றித் தொழிலாளியே அச்சமின்றிப் புகார் சொல்லவும், அதை விசாரித்துத் தீர்க்கவும் வழி ஏற்பட்டது. கம்பெனியார் நடத்தை விதி என்று சுவரில் ஒட்டும் காகிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கையெழுத்திட்டவர் பின்வாங்கினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பதே. உள்நாட்டில் விற்கும் நிறுவனங்களாகிய நீங்கள் இப்படியோர் உடன்படிக்கைக்கு ஏன் முன்வரக் கூடாது? உங்கள் கடையில் நாள்முழுதும் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, அந்த இருக்கை எல்லாக் கடைகளிலும் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை போய்ப் பார்த்துவாருங்கள்.

அதிக நேர வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை, இராத்திரி வேலை என்று ஆலையில் நடப்பவற்றுக்கெல்லாம் ஆலை முதலாளியின் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. லேப் டிப் என்னும் சாய மாதிரித் துண்டைப் பார்த்து நிறத்தை ஒப்புக்கொள்ள மூன்று வாரம் தாமதித்து, சாம்பிளை நான்குமுறை திருத்தி, கடைசியில் டெலிவரி தேதியை மட்டும் ஒருநாளும் நகர்த்தாமல், பிந்தினால் தண்டம் என்று எழுதியிருக்கும் கொள்முதல் ஆணையைப் பார்க்கிறவருக்கு வேறொரு காரணமும் விளங்கும். உங்கள் அறையில் வீணான மூன்று வாரத்தையும் அந்தத் தையற்பெண்தான் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

ஆடையின் ஆயுளைப் பற்றிய பேச்சுக்கு இப்போது வருகிறேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஆடையைச் செய்வதற்குச் செலவான நீரும் உப்பும் மின்சாரமும் உழைப்பும், அதை முப்பது தடவை உடுத்தினாலும் முந்நூறு தடவை உடுத்தினாலும் ஒன்றே. ஆகவே உடுத்தும் தடவை கூடக்கூட, ஒவ்வொரு தடவைக்கும் பூமியின்மேல் விழும் பாரம் குறைகிறது. இந்த ஞானம் நம் ஊர்த் தையற்காரருக்கு எந்தச் சான்றிதழும் இல்லாமலே இருந்தது. ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் பக்கவாட்டில் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்து, மேலே இரண்டு தையல் போட்டுக் கொடுப்பார். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், வயது ஏற ஏறவும் பெண்ணின் உடம்பு மாறும். ஒரு தையலைப் பிரித்தால் அதே உடுப்பு மறுபடியும் பொருந்தும். உங்கள் ஆடைகள் பலவற்றில் ஓவர்லாக் தையல் விளிம்பை ஒட்டி ஓடிவிடுகிறது. பிரிப்பதற்கு உள்ளே துணியே இல்லை. ஓர் அங்குலத் துணியை மிச்சப்படுத்தியதனால், நான்கு ஆண்டு வாழவேண்டிய ஆடை ஒரே ஆண்டில் அலமாரியின் அடித்தட்டுக்குப் போகிறது.

பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டில் கழித்த துணிக்கு ஒரு விலை உண்டென்பதை அவர்கள் எவர்சில்வர்ச் செம்பைக் கொடுத்து மெய்ப்பித்தார்கள். அமெரிக்காவில் எய்லீன் ஃபிஷர் என்ற பெண்கள் ஆடை நிறுவனம், தான் விற்ற ஆடைகளைத் திரும்ப வாங்கிச் சீர்செய்து மறுபடி விற்கும் ஏற்பாட்டை 2009-ஆம் ஆண்டிலிருந்து நடத்திவருகிறது. அதன் விலை உங்கள் விலையைவிட மிக அதிகம் என்பது மெய்யே. தைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் நாட்டில், அந்த ஏற்பாட்டைக் குறைந்த செலவில் நடத்துவது உங்களுக்கு அவர்களைவிட எளிது. ஒவ்வோர் ஊரிலும் உங்கள் பெரிய கடையில் ஒரு மூலையில் ஒரு மிஷினும் ஒரு தையற்காரரும் இருந்தால், பொத்தான் விழுந்ததும் இடுப்பு இறுகியதும் ஆன எத்தனையோ ஆடைகள் பிழைத்துப்போகும்.

இவ்வளவுக்கும் நீங்கள் சொல்லப்போகும் சமாதானம் எனக்குத் தெரியும்: விலை ஏறினால் நீங்கள் வாங்கமாட்டீர்களே என்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் கடை வாசலிலேயே தொங்குகிறது. ஆடியிலும் ஆண்டு முடிவிலும், பருவம் கழிந்தபோதும், ஐம்பது விழுக்காடு தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் எழுதுகிறீர்களே, அவ்வளவு தள்ளிக் கொடுத்தாலன்றிப் போகாத சரக்கு மலைமலையாய்க் குவிந்ததற்குக் காரணம் என்ன? தேவைக்கு மேல் தைத்ததுதானே? அந்தத் தள்ளுபடியின் பளுவை ஈடுசெய்ய முதல் விலையை ஏற்றி வைக்கிறீர்கள்; ஆகவே விற்காத துணிக்கும் சேர்த்து நாங்கள் ஏற்கனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாரத்துக்கொரு புது வடிவம் என்ற பந்தயத்தைக் கைவிட்டு, விற்குமளவுக்குச் சற்றுக் குறைவாகவே தைத்து, நல்ல வடிவங்களை ஆண்டுதோறும் தொடர்ந்து வைத்திருந்தால், வீணில் போகும் அந்தப் பணத்திலிருந்தே சுத்திகரித்த சாயமும், ஓரங்குலத் துணியும், தையற்கூலியில் ஒரு நியாயமான உயர்வும் பெரும்பாலும் கிடைத்துவிடும். கூலி ஓர் ஆடையின் கடைவிலையில் மிகச் சிறு பங்கு என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள்.

வாங்குகிறவர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது அழகன்று. ஒரு விசேஷத்துக்கு உடுத்திக்கொண்டு மறுநாள் அளவு சரியில்லை என்று திருப்பியனுப்புவதை நாங்கள் நிறுத்த வேண்டும். மூன்று அளவுகளில் வரவழைத்து இரண்டைத் திருப்புவதையும் நிறுத்த வேண்டும். ஒரே ஆடையை மறுபடி உடுத்தி வந்தவளைப் பார்த்துப் போன தடவையும் இதுதானே என்று கேட்கும் நாக்கை அடக்க வேண்டும். நல்ல துணிக்கு நூறு ரூபாய் கூடுதலாய்க் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு ஓர் உடுப்புக் குறைவாக வாங்கப் பழக வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் விண்ணப்பம் இது. ஆடம்பர விழாவும் அறிக்கையும் வேண்டாம். சாயப் பட்டறை, தையல் ஆலை ஆகியவற்றின் பெயர்ப்பட்டியலை ஊர்ப்பெயரோடு வெளியிடுங்கள். இழையின் பெயரை உள்ளபடி எழுதுங்கள். ஆணை கொடுத்தபின் நிறத்தையும் அளவையும் மாற்றினால் தவணையையும் நீட்டிக் கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். தையலுக்குள் ஓர் அங்குலம் விடுங்கள். இவற்றுள் எதைச் செய்ய இயலாதோ, அதற்குரிய காரணத்தையும் கணக்கையும் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். நியாயமாக இருந்தால் ஒப்புக்கொள்ளும் பக்குவம் எங்களுக்கு உண்டு. வரும் தீபாவளிக்குத் துணி எடுக்க வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இது எந்த ஊர்ச் சாயம் என்று உங்கள் விற்பனைப் பெண்களிடம் கேட்கப்போகிறோம். பாவம், பதில் தெரியாமல் அவர்கள் தலைகுனிய நேரக்கூடாது; அந்தப் பதிலை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் விலை கொடுத்து வாங்கும் பெண்களில் ஒருத்தி